பனிக்காலத்தில் லைபோ பேட்டரி: கேள்வி பதில்

டொராண்டோ பக்கம் குளிர்காலத்திலும் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும் ரிமோட் மின்மோட்டார் பொம்மை விமானங்களை விடாமல் பறக்கவிடுகிறவன் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஸ்கார்பரோவிலிருந்து: அண்ணா, என்னிடம் இரண்டு வருடப் பழசான 3எஸ் 2200 (மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்று இருக்கிறது. கோடையில் எட்டு நிமிடம் பறக்கும். போன ஞாயிறு மைனஸ் 5 டிகிரியில் நாலு நிமிடத்திலேயே மோட்டார் நின்றுவிட்டது. வீட்டில் அளந்தால் செல்லுக்கு 3.9 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போய்விட்டதா?

இரண்டுமே போகவில்லை, தம்பி. உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கிறது, வேகமாக வெளியே வரத்தான் முடியவில்லை. செல்லுக்குள் இருக்கும் திரவம் மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி தடித்துவிடும். அயனிகள் அதில் மெதுவாகத்தான் நகரும். மின்முனைக்குள் நுழைவது அவற்றுக்கு இன்னும் கஷ்டம். இதெல்லாம் சேர்ந்து உள் எதிர்ப்பு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பேட்டரி என்பதால் 25 டிகிரியில் செல்லுக்கு 10 மில்லி ஓம் என்று வைப்போம். முழு த்ராட்டிலில் 30 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் விழும். 3.9 வோல்ட் 3.6 ஆகும், பிரச்சினை இல்லை. அதே செல் குளிரில் 30 மில்லி ஓம் ஆனால் விழுவது 0.9 வோல்ட். 3.9 போய் 3.0 ஆகிவிடும். ஈஎஸ்சிக்குத் தெரிவது அந்த 3.0 மட்டும்தான். பேட்டரி காலி என்று நினைத்து மோட்டாரை வெட்டிவிடுகிறது. வீட்டுச் சூட்டில் அளக்கும்போது சுமை எதுவும் இல்லை, அதனால் 3.9 தெரிகிறது.

இதே கணக்கைப் புது பேட்டரிக்கும் போடலாம். சூட்டில் 5 மில்லி ஓம் இருப்பது குளிரில் 15 ஆனாலும் 0.45 வோல்ட்தான் விழும், தாங்கும். கிழட்டு பேட்டரிகளைக் கோடைக்கு ஒதுக்கிவிட்டு, சி மதிப்பு (எவ்வளவு வேகமாக மின்சாரம் தர முடியும் என்ற அளவு) நேர்மையாக உள்ள நல்லவற்றைக் குளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து: எவ்வளவு சூடாக்க வேண்டும்? எப்படி?

பறக்கும் நேரத்தில் பேட்டரி 30, 35 டிகிரியில் இருந்தால் போதும். கைக்கு இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 60 டிகிரியை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. அடுப்பு, மைக்ரோவேவ், ஹேர் டிரையர் பக்கம் போகவே வேண்டாம்.

கார் சிகரெட் லைட்டரில் ஓடும் சூட்டுப் பைகள் கிடைக்கின்றன. செலவு வேண்டாம் என்றால், சாப்பாடு கொண்டுபோகும் தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர்ப் பை ஒன்று, அதன்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் பேட்டரிகள். ஒரு மதியத்துக்குத் தாராளமாகக் காணும். கோட்டுப் பைக்குள் வைப்பவர்கள் கனெக்டருக்கு மூடி போட்டு, அந்தப் பையில் சாவியோ சில்லறையோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாக எடுத்து, மாட்டி, உடனே பறந்துவிடுங்கள். விமானத்தைப் பனியில் வைத்துவிட்டுக் கதை பேசினால் செய்த வேலையெல்லாம் வீண். முதல் ஒரு நிமிடம் த்ராட்டிலை மென்மையாகப் பிடியுங்கள், அதற்குள் உள் எதிர்ப்பே பேட்டரிக்குக் கொஞ்சம் சூடு ஏற்றிவிடும். காற்று நுழையும் துவாரத்தில் பாதியை டேப் போட்டு மூடலாம். ஈஎஸ்சிக்குப் போகும் பாதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மார்க்கமிலிருந்து: கராஜில் வைத்து சார்ஜ் செய்கிறேன். அங்கே மைனஸ் 8 இருக்கும். சார்ஜர் ஒன்றும் சொல்லவில்லையே?

சார்ஜர் சொல்லாது. பேட்டரியின் வெப்பநிலை அதற்குத் தெரியாது. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

பறப்பதால் வரும் தொல்லை பேட்டரி சூடானதும் சரியாகிவிடும். குளிரில் சார்ஜ் செய்வதால் வரும் சேதம் சரியாகாது. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தால் மின்முனையான கிராஃபைட்டுக்குள் போதிய வேகத்தில் நுழைய முடியாமல், மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது, கொள்ளளவு அத்தோடு போயிற்று. படிவு ஊசி மாதிரி வளர்ந்து நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்தால் ஷார்ட் ஆகும், தீ பிடிக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, அதுதான் ஆபத்து.

பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். மேலே தொட்டால் சூடாக இருந்தாலும் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையோடு உள்ளே கொண்டுவந்தால், வியர்க்கும் நீர் பைக்கு வெளியேதான் படியும். பிறகு 1சி வேகத்தில் (2200 பேட்டரி என்றால் 2.2 ஆம்பியர்), பக்கத்தில் ஆள் இருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள்.

அதே அன்பர்: அப்படியானால் கராஜில் வைத்திருப்பதே தப்பா?

இல்லை. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்தால் குளிர்ச்சி நல்லதுதான், முதுமை மெதுவாக வரும்.

உதகமண்டலத்திலிருந்து: ஐயா, எங்கள் ஊரில் ஜனவரியில் விடியற்காலை உறைபனி விழும். சென்னையில் நன்றாகப் பறந்த விமானம் இங்கே சோம்பலாக இருக்கிறது. பேட்டரியைச் சூடாக்கியும் பயனில்லை.

நீங்கள் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் ஊரின் உயரம்தான் காரணம். சமதரையில் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இங்கே டொராண்டோவில் 0 டிகிரியில், 30 டிகிரி நாளைவிடச் சுமார் 11 சதவீதம் அடர்த்தி கூடுதல். இறக்கை நன்றாகத் தூக்கும், ஆனால் புரொப்பெல்லரும் கூடுதலாக ஆம்பியர் தின்னும். பேட்டரி பலவீனமாக இருக்கும் நாளில்தான் மோட்டாரும் அதிகம் கேட்கிறது.

உதகை இருப்பது சுமார் 2240 மீட்டர் உயரத்தில். காலை 5 டிகிரிக் குளிரிலும் அங்கே காற்று, வெயில் நாள் சென்னைக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிது. தரையிறங்கும்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள், இல்லையென்றால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும். ஓர் அளவு பெரிய புரொப்பெல்லர் போட்டுப் பார்க்கலாம், வாட்மீட்டரில் ஆம்பியரைச் சரிபார்த்துவிட்டு.

கல்லூரி மாணவர் ஒருவர்: செவ்வாய்க் கிரகத்தில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுவிட்டி, அந்தக் குளிரை எப்படித் தாங்கியது?

நல்ல கேள்வி. அதில் இருந்தது பை வடிவ லைபோ அல்ல, ஆறு உருளை லித்தியம் அயன் செல்கள். 2021 ஏப்ரல் 19 அன்று முதலில் பறந்தது. இரவில் மைனஸ் 80, 90 போகும் இடம் அது. சேமித்த மின்சாரத்தில் பெரும்பங்கு பறப்பதற்குச் செலவாகவில்லை, ஹீட்டருக்கே போனது. 2022 குளிர்காலத்தில் தூசியால் சூரிய மின்சாரம் குறைந்தபோது, மைனஸ் 15 டிகிரியிலேயே எரியத் தொடங்கும் ஹீட்டரை மைனஸ் 40 வரை பொறுக்கும்படி மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பறந்தது. 72 முறை பறந்து 2024 ஜனவரியில்தான் ஓய்ந்தது, அதுவும் ரோட்டர் உடைந்து.

இன்னொருவர்: கையில் பிடித்து விமானத்தை இயக்கும் டிரான்ஸ்மிட்டரைக் குளிரில் என்ன செய்வது?

அல்கலைன் செல் போட்டிருந்தால் மாற்றுங்கள், குளிரில் அது சீக்கிரம் படுத்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ செல்கள் நன்றாகத் தாங்கும். திரை மெதுவாக மாறினால் பயப்பட வேண்டாம், சூடானால் சரியாகிவிடும். பறக்கும் நேரத்துக்கான டைமரை, கோடையில் வைக்கும் நேரத்தின் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துத் தொடங்குங்கள்.

பெயர் சொல்லாத அன்பர்: உப்பியிருந்த பேட்டரி குளிரில் வைத்ததும் தட்டையாகிவிட்டது. மறுபடி பறக்கலாமா?

கூடாது. உள்ளே உள்ள வாயு குளிரில் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடானதும் மறுபடி உப்பும். திறந்த வெளியில் சின்ன பல்பு ஒன்றை மாட்டி மெதுவாக முழுக்க வடியவிட்டு, கனெக்டரை டேப் சுற்றி, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.