காற்றாலையில் ஊருக்கு என்ன பங்கு? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பணகுடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். தூய மின்சாரத்தின் பலன் எளியவர்களுக்கும் சேர உழைப்பவர்களையே இக்காலத்தின் தலைவர்களாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள்தாம். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. வீட்டுக்கு வீடு மின் இணைப்பும் உண்டு. இதில் அநீதி என்று எதைச் சொல்வது? அத்தகைய தலைவருக்கு இங்கே என்ன வேலை?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சுவாசிக்கும் ஊர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஊர் பேறு பெற்றதுதான். ஆயினும் முடிவெடுக்கும்போது யாரைக் கேட்டார்கள், வருமானம் யார் கைக்குப் போகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீதியைப் பற்றிப் பேச முடியும். 1982இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைப் புதைக்க வந்த லாரிகளை மறித்து 500 பேருக்கு மேல் கைதானார்கள். எங்களைக் கேளாமல் ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்பதே அவர்கள் கேள்வி. 2011இல் இடிந்தகரைப் பெண்கள் கேட்டதும் அதுவே. கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி நாம் இருவரும் மாறுபடலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இசைவும் அளித்துவிட்டது. எனினும் அந்தப் பெண்களை நான் தலைவர்களாகவே மதிக்கிறேன்.

உங்கள் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். வைகாசி பிறந்தது முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் மேல்காற்றுதான் முப்பந்தல், பணகுடி, இராதாபுரம் பகுதிகளுக்கு இத்தனை காற்றாலைகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றில் பலவும் கொங்கு நாட்டு நூற்பாலைகள் போன்ற வெளியூர்த் தொழில் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. இங்கே விளையும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியே அனுப்பி, அங்கே தங்கள் ஆலைகளின் மின்கட்டணக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். சட்டப்படி இது முறையானதே. ஆனால் மானாவாரி நிலத்தை ஒரு தடவை விலை பேசிக் கொடுத்துவிட்ட குடும்பத்துக்கும், அந்தக் காட்டில் கிடை போட்டுவந்த ஆட்டுக்காரருக்கும் ஆண்டுதோறும் வந்துசேரும் பங்கு என்று ஏதேனும் உண்டா?

இதற்கு வழி காட்டியது ஒரு கிராம ஊராட்சி. மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல், தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தானே வாங்கியது. அதற்கு முன்னின்றவர் ஊராட்சித் தலைவராக இருந்த சண்முகம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியது வாரியத்துக்கு விற்பனையானது. அந்தக் காற்றாலை ஓடந்துறையில்கூட இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் நிற்கிறது. காற்றைத் தேடி அவ்வளவு தூரம் ஓர் ஊராட்சி போக முடியுமானால், வாசலிலேயே காற்றை வைத்திருக்கும் உங்கள் ஊராட்சிகள் ஏன் தயங்க வேண்டும்? டென்மார்க்கில் 2008ஆம் ஆண்டுச் சட்டம், புதிய காற்றாலைப் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்குத் தர முன்வர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. நம் சட்டமன்றத்தில் இப்படி ஒரு மசோதாவைக் கொண்டுவரும் உறுப்பினரைத் தலைவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வீட்டுக்கு வீடு மின் இணைப்பு உண்டு என்றீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1940களிலிருந்தே மின்சாரம் எடுத்துவரும் பாபநாசம் மலையில், காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் வாழும் காணிப் பழங்குடி மக்கள் நெடுங்காலம் சூரிய விளக்கை நம்பியே இரவைக் கழித்தார்கள். இத்தகைய இடங்களில் விளக்கைக் கொடுப்பது எளிது; பேட்டரி ஓய்ந்த பிறகு அதைப் பார்க்க ஆள் வருவதுதான் அரிது. 1995இல் செல்கோ என்னும் சூரிய விளக்கு நிறுவனத்தைத் தொடங்கி 2011இல் மகசேசே விருது பெற்ற ஹரிஷ் ஹண்டேயை நான் போற்றுவதற்கு இதுவே காரணம். ஏழைக் குடும்பத்தின் வரவுக்கு ஏற்ற தவணையில் கடன் கிடைக்கவும், பழுது பார்க்க அருகிலேயே ஆள் இருக்கவும் அவர் வழிசெய்தார்.

நீங்கள் கிராமசபைக்குப் போகிறவர் என்றே எண்ணுகிறேன். புதிய காற்றாலைக்குப் போடும் பாதை எந்த ஓடையை மறிக்கிறது, மேய்ச்சல் புறம்போக்கு எவ்வளவு குறைகிறது, ஊராட்சிக்கு ஆண்டுதோறும் என்ன வருகிறது என்று அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை விடாதீர்கள். ஓடந்துறையின் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள்.

அன்புடன்