பாலக்காட்டுக் கணவாய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பற்றி வாசித்தேன். ரோம வணிகர்கள் கேரளக் கரையிலிருந்த முசிறித் துறைமுகத்தில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொங்குநாட்டுக்கு வந்ததற்கு இவை ஆதாரமா? மலையேறுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! பாலக்காட்டுக் கோட்டை அந்த வணிகத்தைக் காக்க எழுந்ததா?

ம.

அன்புள்ள ம.,

கோட்டை ஹைதர் அலி 1766ல் கட்டியது. அதை விட்டுவிடுங்கள். காசு கைமாறும் பொருள். அது கிடைத்த இடத்துக்கெல்லாம் ரோமானியன் வந்திருக்க வேண்டியதில்லை. கொங்குநாட்டின் பழைய ஊரான கொடுமணலில் கல்மணி செய்தவர்கள் பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் பெயர் கீறியிருக்கிறார்கள். அவர்கள் உங்கள் கண்ணில் படவே இல்லையே?

மலையேற்றம் என்கிறீர்கள். எந்த மலை? பாலக்காடு 100 மீட்டருக்கும் குறைந்த உயரம், கோவை 400 மீட்டரை ஒட்டி. நடுவே சுமார் 50 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஆறேழு மீட்டர் ஏற்றம், அவ்வளவுதான். கைபர் கணவாயை மனதில் வைத்துக்கொண்டு பாலக்காட்டைப் பார்க்காதீர்கள்.

கஷ்டம் முழுக்க விலங்கின் முதுகில் இருந்தது. சங்கநூலான பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப்பொதி சுமக்கும் கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், வருகிறது. அது தொண்டைநாட்டு வழி, ஆனால் பொதி கட்டும் முறை எங்கும் ஒன்றுதான். புலவர் ‘புணர்ப்பொறை’ என்கிறார், இருபுறமும் ஒத்த சுமை. கூடவே கழுதையின் முதுகிலுள்ள வடுவையும் சொல்கிறார். ஒருபக்கம் எடை கூடினால் பொதி சரியும், கயிறு ஒரே இடத்தில் உரசும், தோல் உரிந்து புண்ணாகும், ஈ மொய்க்கும். புண் ஆறும்வரை அந்தக் கழுதைமேல் சுமை ஏற்ற முடியாது. அதன் பொதியை மற்றவற்றுக்குப் பிரித்தால் அவற்றின் முதுகும் போகும். மூட்டை நனைந்தால் எடை ஏறிச் சமன் குலையும், மிளகில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மழைக்காலத்தில் சாத்து கிளம்பாது. ஆனால் கப்பல் காத்திருக்காது. எகிப்திலிருந்து தென்மேற்குக் காற்றில் வந்தவை டிசம்பரில், தப்பினால் ஜனவரி நடுவுக்குள், திரும்பியாக வேண்டும். சரக்கு அதற்குள் துறைமுகம் சேரவேண்டும்.

வண்டி என்றால் அச்சு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகர்களான உமணரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ அதிகம், பள்ளத்திலும் மேட்டிலும் என்ன ஆகுமோ என்று கீழ்மரத்தில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அச்சு முறிந்தால் நடுவழியில் மரம் வெட்டிச் செதுக்க நாள்கணக்காகும் என்று தெரிந்தவர்களின் வேலை அது. நீங்கள் தேடவேண்டிய ஆட்கள் இவர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. கோவை சுண்டக்காமுத்தூர் பக்கம் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் பொறித்த சோழர்காலக் கல்வெட்டு இருக்கிறது. ஒருமுறை போய், அங்கிருந்து மேற்கே கொஞ்சதூரம் நடந்து பாருங்கள்.