தங்க நிற மூட்டு போட்டால் கிருமி அண்டாதா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும். "கிருமி ஒட்டாத கோட்டிங் போட்ட கோல்டன் மூட்டு, கூடுதலாக 90 ஆயிரம்" என்கிறார் ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் பேசுகிறவர். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த நிறம். அது தங்கமும் இல்லை, கிருமிநாசினியும் இல்லை. டைட்டானியம் நைட்ரைடு வகைப் பூச்சு. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் அல்லவா, அப்படி நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களை நினைத்துச் செய்தது.

கிருமியைத் தடுக்கவென்றே வெள்ளிப் பூச்சு இருக்கிறது, உண்மைதான். எலும்புப் புற்றுநோயில் தொடையெலும்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியெடுத்து, அங்கே உலோகம் வைக்கும்போது போடுவது. பெரிய காயம், கீமோவால் தளர்ந்த உடம்பு. பத்தில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரலாம். அதிலும் தசையைத் தொடும் வெளிப்பக்கத்தில்தான் வெள்ளி. மூட்டு உரசும் இடத்தில் கிடையாது. உங்கள் அம்மாவின் கதை அதுவல்ல. சாதாரண முழங்கால் மாற்றில் நூறில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தொற்று வருகிறது.

ஆனால் வந்தால் லேசில் போகாது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பாசி வழுவழுவென்று படிவதுபோல உலோகத்தின் மேல் கிருமி படலம் கட்டிக்கொள்ளும். மருந்து உள்ளே போகாது.

மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் பசைதான் எலும்பு சிமென்ட். ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் 1970களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. அதையே 'ஸ்பெஷல் கோட்டிங்' என்று எழுதிய பில்லை நான் பார்த்திருக்கிறேன்! 2017 ஆகஸ்டில் மூட்டுக்கு அரசு உச்சவரம்பு விலை வைத்தது. மூட்டுக்குத்தான் கடிவாளம், பேக்கேஜுக்கு இல்லை, யாரைக் கேட்பது? பில்லில் மூட்டின் கம்பெனி, பேட்ச் எண், விலை தனியாக இருக்க வேண்டும். பெட்டியில் வரும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் தருவதில்லை" என்றால் வேறு இடம் பாருங்கள்.

அந்த 90 ஆயிரம் செய்யாததை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) கட்டுக்குள் வைப்பது செய்யும். அது எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். சொத்தைப்பல், பித்தவெடிப்பு, சிறுநீர் எரிச்சல் எல்லாவற்றையும் முன்பே சரிசெய்யுங்கள். வீட்டில் காலைச் சவரம் செய்யாதீர்கள், பிளேடு கீறலே கிருமிக்கு வாசல். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், வீடு திரும்பியபின் தையலில் நீர் கசிந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. அறுவை செய்தவரிடம் அன்றே காட்டுங்கள். நாலு மாத்திரை உள்ளே போய்விட்டால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம்.