போர்முனை காணாதவர் வரைந்த போர்: மர அச்சுப் படங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: 1894-95 சீன-ஜப்பானியப் போரின் மர அச்சுப் படங்களை வரைந்தவர்கள் போர்முனைக்குச் சென்றவர்களா?

பதில்: பெரும்பாலோர் செல்லவில்லை. கொபயாஷி கியோச்சிகா, மிசுனோ தொஷிகாத்தா முதலிய ஜப்பானிய ஓவியர்கள் செய்தித்தாள்களில் வந்த தந்திச் செய்திகளைப் படித்தே வரைந்தார்கள். ஓவியர் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப் பலகைகளில் வெட்ட, அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுக்க, செய்தியின் சூடு ஆறுமுன் பதிப்பாளர் படத்தைக் கடைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கேள்வி: அப்படியானால் அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: நடந்ததற்குச் சான்றாகக் கொள்ள இயலாது, மக்களுக்கு எது காட்டப்பட்டது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1894 ஜூலையில் கொரியாவின் சொங்ஹ்வானில் நடந்த சண்டையில் குண்டடிபட்டும் ஊதுகொம்பை வாயிலிருந்து எடுக்காமல் இறந்தார் என்று போற்றப்பட்ட ஜப்பானிய வீரரை ஷிராகாமி கென்ஜிரோ என்றே முதலில் எழுதினார்கள். அவர் கிகுச்சி கொஹெய் என்று பின்னர் திருத்தப்பட்டாலும், அதற்குள் பழைய பெயருடன் படங்கள் அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டன.

கேள்வி: இருட்டை மர அச்சில் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

பதில்: நான் மிகவும் விரும்பும் இடம் இது. பலகையில் பூசிய மையை ஈரத் தூரிகையால் ஒருபுறமாகத் தேய்த்து மெல்லக் கரையச் செய்தால், கறுப்பு படிப்படியாக வெளுத்துக் காகிதத்தில் இறங்கும். பியோங்யாங் தாக்குதலைக் காட்டும் கியோச்சிகாவின் படமொன்றில் மின்விளக்கின் ஒளி இருளைக் கிழித்துச் செல்வதைப் பாருங்கள். மஞ்சள் கடற்போரை வரைந்தபோது அவர் நம் பார்வையை நீருக்கடியிலும் கொண்டுபோய், மூழ்கும் சீனக் கப்பலைக் காட்டினார்.

கேள்வி: சீனர்களை ஏன் அவ்வளவு இழிவாக வரைந்தார்கள்?

பதில்: ஜப்பானியர் கறுப்பு மேனாட்டுச் சீருடையில் நிமிர்ந்து நிற்க, சீனர் பகட்டான வண்ண உடையில் முகம் கோணி ஓடுவதாகக் காட்டுவது அன்றைய வழக்கமாகிவிட்டது. எழுத்தையும் ஓவியத்தையும் பல நூற்றாண்டுகளாகக் கற்றுத்தந்த நாட்டை இப்படி வரைந்தது எனக்கு ஆறாத வருத்தம். கைத்திறனைப் பாராட்டும்போது இதை மறைத்துப் பேசக்கூடாது.

கேள்வி: 1904-05 ருஷ்ய-ஜப்பானியப் போரில் இப்படங்கள் குறைந்தது ஏன்?

பதில்: புகைப்படமும் அஞ்சலட்டையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கேள்வி: என்னிடம் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் ஒரு தாள் இருக்கிறது. அது குறையுள்ளதா?

பதில்: இப்படங்களில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 37க்கு 25 சென்டிமீட்டர் அளவுள்ள மூன்று தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கவேண்டியவை, உங்களுடையது அப்படிப்பட்ட மூன்று தாள்களில் ஒன்றாக இருக்கலாம். செயற்கைச் சாயத்தின் ஊதா நிறம் வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால், வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.