பழைய பாணி எலக்ட்ரிக் கிடாரில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டில் இருப்பதாகவும், புதிதாக வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடாரில் 'ஊம்' என்ற இரைச்சல் தாங்க முடியவில்லை என்றும், பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) மாற்றினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தேவகோட்டைக்காரன். என்னிடமும் அதே வகைக் கிடார் இருக்கிறது. கிடாரைத் திறக்கும் முன் உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நம் பக்கத்து வீடுகளில் பலவற்றில் கம்பி இழுத்த காலத்தில் இரண்டு துளை பிளக்குதான். பிறகு யாரோ மூன்று துளைப் பலகை வைத்திருப்பார்கள். பின்னால் எர்த் கம்பி வந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஆம்ப்ளிஃபயரைச் செருகிவிட்டுத் தந்தியைத் தொடும்போது விரலில் சுருக்கென்றால் அது இரைச்சல் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. ஒரு கை தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் இன்னும் ஆபத்து. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டு அமைத்த குழியாக இருந்தாலும், சித்திரை வெயிலில் செம்மண் காய்ந்துவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. எங்கள் வீட்டில் கோடை முழுக்கக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். செடிக்கு ஊற்றாமல் மண்ணுக்கு ஊற்றுகிறானே என்று அப்பத்தாவுக்கு இன்றும் வருத்தம்.

எர்த் சரியான பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. தந்தியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அது சேர்த்தே வாங்கிக்கொள்ளும். கிடாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் பாதியாகக் குறையும். பிறகு மின்விசிறி ரெகுலேட்டரையும் டியூப் லைட்டையும் அணைத்துப் பாருங்கள் (மே மாதத்தில் இதைச் செய்யச் சொல்வது கொடுமைதான்). தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணிகிறதா? அது இயல்பு. தணியவே இல்லை என்றால் பின்மூடியைக் கழற்றுங்கள். தந்திகளை கிரவுண்டோடு (கிடாரின் பொது எர்த் இணைப்பு) சேர்க்க, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டில் பற்றவைத்த கம்பி விட்டுப்போயிருக்கலாம்.

கிடாரின் உட்குழிவில் செப்பு டேப் ஒட்டுவதை எல்லோரும் சர்வரோக நிவாரணி போலச் சொல்கிறார்கள். 'கிர்ர்' என்ற சிலுசிலுப்பை அது குறைக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலமாக வரும் 'ஊம்' அதற்கு அடங்காது. ஒட்டினால் துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்து, டேப்பை கிரவுண்டோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

கமகம் வாசிக்கும் ஆசை இருந்தால் இன்னொன்று. பழைய அளவில் செய்த விரற்பலகை 7.25 அங்குல ஆரம் கொண்டது; வளைவு அதிகம். தந்தியை மிகத் தாழ்த்தி வைத்துவிட்டு மேல் ஃப்ரெட்டுகளில் (விரற்பலகையில் பதித்த குறுக்குக் கம்பிகள்) இழுத்தால் ஸ்வரம் நடுவிலேயே செத்துவிடும். சேணத்தை (பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சிறு துண்டு) சற்று உயர்த்தினால் போதும், பெரும்பாலும் சரியாகும். ஃப்ரெட்டைப் பிடுங்கிப் பலகையைத் தேய்க்கிறேன் என்று யாராவது சொன்னால் கிடாரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தேக்குப் பெட்டியை மழமழவென்று இழைத்துப் புதுசாக்கிக் கொண்டுபோனால் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர் என்ன விலை சொல்வாரோ, அதுதான் இதற்கும். மாற்றுவதே தவறு என்று சொல்லவில்லை. மாண்டலின் சீனிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தியையும் சேர்த்துத்தான் எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். அது அவருடைய இசை கேட்ட மாற்றம். மரத்தில் துளை போடாத, திரும்பவும் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்களை நீங்களும் தாராளமாகச் செய்யுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு முறுக்கு டின்னில் போட்டு வையுங்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பிளாஸ்டிக் நட்டுக்குப் பதில் எலும்பு நட் போடுவது செலவுக்கு மீறிய பலன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பை மாற்றலாம். நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம் கொண்டதா (மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் கம்பி சுற்றி, காந்தத்தின் துருவத்தையும் திருப்பி வைத்ததா) என்று கேட்டு வாங்குங்கள். 1954-இல் வந்த அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது கிடையாது. எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சிலும் அப்போது மூன்றே நிலைகள்தான், ஐந்து நிலை சுவிட்ச் 1977-இல்தான் வந்தது. நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 நிலைகளில் அவ்விரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துவிடும். மின்விசிறியையும் அணைக்க வேண்டியதில்லை.