தாத்தாவின் பழைய ஹோண்டாவை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கஃபே ரேசராக (பின்பக்கத்தைக் குறைத்து, தாழ்ந்த ஹேண்டில் வைத்த ரேஸ் பாணி பைக்காக) மாற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரும்பு வெட்டும் கிரைண்டரை ஓரமாக வைத்துவிடுங்கள். நிறைய பேர் ஃபிரேமின் பின்பக்கத்தை வெட்டிவிட்டு, அப்புறம்தான் காகிதம் தேடுகிறார்கள்.

தாத்தா காலமாகிவிட்டார் என்பதால் வண்டி அவர் சொத்தில் சேரும். இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம், அந்தச் சொத்தை நிர்வகிக்கக் கொடுத்த நியமனக் கடிதம் யாரிடம் இருக்கிறதோ, அவர் கையெழுத்துப் போட்டால்தான் பைக் உங்கள் பெயருக்கு வரும். பெரியப்பா, அத்தைகளிடம் இதைப் பேசி முடிப்பதுதான் பெரிய வேலை!

அடுத்து வாகனப் பதிவேட்டில் வண்டியின் நிலை என்ன என்று கேளுங்கள். 'கோடு 4' (Code 4, நிரந்தரமாக அழிக்கப்பட்ட வண்டி) என்றிருந்தால் அதைத் திரும்பச் சாலைக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே விட்டுவிடுங்கள். வண்டியின் லைசென்ஸ் கட்டணப் பாக்கி, அபராதம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஹேண்டில் கழுத்துப் பக்கம் பொறித்திருக்கும் சேஸி எண்ணை, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். எஞ்சின் எண்ணும் அப்படித்தான். இரண்டும் பதிவோடு பொருந்த வேண்டும். மணல் வீச்சிலோ பவுடர் கோட்டிங்கிலோ அந்த எண் மங்கினால் போலீஸ் கிளியரன்ஸ் வரை அலைய வேண்டியிருக்கும்.

பிறகு ரோட்வொர்தி சோதனை, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்ற சோதனை. பிரேக், ஹாரன், விளக்குகள், கண்ணாடி எல்லாம் பார்ப்பார்கள். டயர் பள்ளம் குறைந்தது 1 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். பதிவுக்கு அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், ஆகவே மற்ற காகிதங்கள் தயாரான பிறகே சோதனைக்குப் போங்கள்.

எஞ்சினை மாற்றும் எண்ணமிருந்தால் பழைய எஞ்சினோடு பதிவை முடித்துவிட்டுச் செய்யுங்கள். புது எஞ்சின் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவது தனி வேலை.