முதிர்ந்த செல் ஏன் மூச்சை அடைக்கிறது?

கேள்வி: ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று போன என் தம்பி மகனுக்கு (22 வயது) ஏபிஎல் வகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள். செல்களை முதிர வைக்கும் மாத்திரை கொடுத்த ஆறாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு, கால் வீக்கம், எடையும் 5 கிலோ கூடிவிட்டது. செல்கள் முதிர்வதால்தான் இப்படி என்கிறார்கள். ஊசி போட்டதில் தேறி வருகிறான். முதிர்வது நல்லதுதானே? அந்த மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– வாசகி, கண்டனூர்

பதில்: ஆச்சி, நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். 1988-ல் ஷாங்காய் மருத்துவர்கள் 24 பேருக்கு இந்த மாத்திரையை, அதாவது ட்ரெட்டினாயினைக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதிய பிறகுதான் இந்த நோயின் தலையெழுத்தே மாறியது. அதற்கு முன் ரத்தப்போக்கிலேயே பலரை இழந்தோம்.

இனி உங்கள் கேள்வி. வெள்ளணுவின் மேல்தோலில் ஒட்டிக்கொள்வதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன, இன்டெக்ரின் என்று பெயர். பிஞ்சுச் செல்லில் விஎல்ஏ-4 என்ற வகை தூக்கலாக இருக்கும், அது எலும்பு மஜ்ஜையைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடப்பதற்கு. முதிர முதிர அது குறைந்து, சிடி11பி, சிடி18 சேர்ந்த ஜோடி ஏறும். இது வேறு வேலைக்கு: ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து, இடுக்கில் நுழைந்து, கிருமி இருக்கும் இடத்துக்குப் போவதற்கு. பிறவியிலேயே சிடி18 சரியாக இல்லாத குழந்தைகளைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். தொப்புள்கொடி விழவே வாரக்கணக்காகும், புண் வந்தால் சீழ்கூட வைக்காது, ஏனென்றால் வெள்ளணு குழாயை விட்டு வெளியே வர முடியாது.

ஏபிஎல் செல்கள் முதிராமல் பிஞ்சிலேயே நின்றுவிட்ட வெள்ளணுக்கள், அவற்றில் இந்த ஜோடி பெரும்பாலும் இருக்காது. மாத்திரை போனதும் ஏறத் தொடங்கிவிடும், அதுவும் ஒன்றிரண்டு செல்லில் அல்ல, உடம்பில் இருக்கும் அத்தனை நோய்ச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரைத் தடவிப் பாருங்கள், கை வழுக்கிக்கொண்டு போகும். ரத்தக் குழாயின் உட்சுவரும் சாதாரணமாக அப்படித்தான். முதிரும் செல்கள் கக்கும் ரசாயனங்கள் பட்டதும் அந்தச் சுவரிலும் கொக்கிகள் முளைக்கின்றன. அப்புறம் செல்கள் கூட்டமாக நுரையீரலில் இறங்குகின்றன, குழாயிலிருந்து நீரும் கசிகிறது. மூச்சிரைப்பு, வீக்கம், எடை எல்லாம் அதனால்தான்.

செல் ஒட்டத் தொடங்குவதைச் சோதனைக் கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எச்எல்-60 என்ற ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் தட்டுத் திரவத்தில் உருண்டையாக மிதக்கும். ஃபோர்பால் எஸ்டர் என்ற பொருளைச் சேர்த்தால், ஓரிரு நாளில் தட்டின் அடியில் அப்பிக்கொண்டு தட்டையாகிவிடும், குலுக்கினாலும் வராது. முதன்முதல் இதைப் பார்த்த நாளில் நான் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

சரி, உங்கள் பிள்ளைக்குப் போட்ட ஊசி அநேகமாக டெக்ஸாமெதசோன் ஆக இருக்கும். அது இந்தக் கொந்தளிப்பை அடக்கும். நிலைமை மோசமாக இருந்தால் மருத்துவர்களே மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்குவார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது: தினமும் காலையில் எடையைக் குறித்து வையுங்கள். ராத்திரி படுத்தால் இரைக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது என்று சொன்னால், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.